பலகை இருந்த இடம்

எங்கள் கடலோரச் சாலையில் வருகிறவர்கள் அவசரப்படாமல் வர வேண்டும், ஐயா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கல்வீடுகளோடு மூன்று பழைய ஊர்கள். மூன்றாவது ஊரின் கடைசியில், இடிந்த கோட்டைச் சுவருக்குக் கீழே என் தங்கையின் சாப்பாட்டுக் கடை. அவள் பொரித்த மீனை ஒரு தடவை தின்றவர்கள் மறுபடி வராமல் இருந்ததில்லை.

நான் சாலைப் பணியாள். குழி மூடுவேன், புதர் வெட்டுவேன், வெள்ளைக் கோடு போடுவேன். எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்கு மேல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழையில், கடையைத் தாண்டியதும் வருகிற வளைவில் பாதிச் சாலை கடலுக்குள் சரிந்துவிட்டது. மூன்றாவது ஊருக்கு முன்னால் சாலை பிரிகிற இடத்தில் பலகை வைக்கச் சொன்னார்கள். 'பாதை இல்லை. மேல் சாலையில் செல்லவும்.' நானே எழுதினேன். கோணல் இல்லாமல் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். அதைப் பார்த்த வண்டிகள் எல்லாம் மேலே ஏறிப் போய்விட்டன. தங்கை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே எழுதி நீயே என் வயித்துல அடிச்சிட்டியேண்ணே," என்றாள். "சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போகட்டுமே. வளைவுக்குப் போகாம நீ நின்னு பாத்துக்க மாட்டியா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. காலையில் பலகையைப் புதருக்குள் படுக்க வைப்பேன். வளைவில் சிவப்புத் துணியோடு நிற்பேன். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். கடை மூடியதும் பலகையை நிறுத்திவிடுவேன். பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் நல்ல கூட்டம். தங்கை கை உதவிக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டுக் கிளம்பியவர்களைக் கடை வாசலிலேயே சொல்லித் திருப்பிவிட்டேன். கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. கல்யாணமாகி ஒரு மாதமாம்.

"அண்ணே, இவரு தட்டுல இருக்கிற மீனுக்கு மட்டும் எப்படிண்ணே இவ்வளவு ருசி?" என்றாள் அந்தப் பெண்.

"பாத்தீங்களாண்ணே என் நிலைமையை," என்றான் அவன். "குடுக்கலைன்னா என்னை இங்கயே விட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவா."

சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் பாத்திரம் கழுவப் போனேன். வளைவைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் வண்டி கிளம்பியது காதில் விழவில்லை. அடுத்து வந்த சத்தம் விழுந்தது.

"என்னண்ணே அது?" என்றாள் தங்கை.

"பாறை சரிஞ்சிருக்கும். நீ உள்ள இரு."

வளைவுக்கு ஓடினேன். கீழே பாறைகளுக்கு நடுவில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. அலை வந்து தொட்டுவிட்டுப் போனது. உள்ளேயிருந்து "அண்ணே" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. ஒரு தடவை அல்ல.

நான் முதலில் பலகையை நிறுத்தப் போனேன். போய்வர அரை மணி நேரம் ஆயிற்று. இன்னொரு வண்டியும் வந்து விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. புதரிலிருந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, கல் அண்டக்கொடுத்து நிமிர்த்தினேன். பிறகுதான் ஊருக்குள் போய் ஆட்களைக் கூப்பிட்டேன். நாங்கள் வந்து பார்க்கும்போது அலை வண்டிக்கு மேலே புரண்டுகொண்டிருந்தது. குரல் இல்லை.

எச்சரிக்கையை மதிக்காமல் ஓட்டியவர்மீதுதான் தவறு என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. போன வாரம் அவனுடைய அம்மா வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார்.

"எழுத்து தெளிவாத்தாம்ப்பா இருக்கு," என்றார் என்னிடம். "என் புள்ளைக்குக் கண்ணு எங்க போச்சு?"

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். அவன் கண்ணில் குறை இல்லை, ஐயா. அவன் வந்தபோது பலகை அங்கே இல்லை. எடுத்தவன் நான். திரும்ப வைத்தவனும் நான். தங்கை கேட்கத்தான் செய்தாள், செய்தது நான்.

இன்னொரு வண்டி விழாமல் இருக்கத்தான் ஓடினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் வளைவிலேயே நின்று சிவப்புத் துணியை ஆட்டினால் போதும். துணி அப்போது என் தோளில்தான் கிடந்தது.