பாதி மருந்து

எனக்கு விளையாட்டு எதுவும் வராது, மேடம். பள்ளிக்கூடத்தில் பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கி நின்று அதற்கு வழி விடுவேன். அந்தக் கேம் பெட்டியை நான் ஏன் கையில் எடுத்தேன் என்று கேட்டீர்கள். பகலில் என் தங்கை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவளை நான் சின்னு என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம். தெருவில் பாதிப்பேர் அவளை என் மகள் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தியதில்லை. அம்மா போனபின் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பமாகிவிட்டார். சின்னுவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே வலிப்பு வந்தது. முதல் தடவை சமையலறைத் தரையில் விழுந்தாள். கரண்டியைக்கூடக் கீழே வைக்கத் தோன்றாமல் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். குளியலறைத் தாழ்ப்பாளை நானே கழற்றினேன். மேசையின் மூலைகளில் பஞ்சு வைத்துத் தைத்தேன். கண்ணாடி டம்ளர்களை எல்லாம் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நடுவில் என்னைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். தங்கையை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாமே என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் காபி குடித்த சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பேக்கரியில் கேக்கின்மேல் பூப்போட்டுப் பெயர் எழுதுகிறவள். பின்பக்கம் ஒரு குளிர் அறை, நீளமான எஃகு மேசை, கூம்புப் பையில் க்ரீம். கை நடுங்காமல் இருக்க வேண்டும், அதுதான் தொழில். என் கை நடுங்கியதே இல்லை.

அந்தக் கேம் பெட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நரம்பு டாக்டரைப் பார்க்க வராந்தாவில் பாதி நாள் காத்திருக்க வேண்டும், அவளுக்குப் பொழுது போகட்டும் என்று. நடுவில் திரையும் இரண்டு பக்கமும் பொத்தானும் வைத்து, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடுகிற சைஸ். அதற்குள் ஒரு காடு இருந்தது. காட்டில் அடிபட்ட விலங்குகள். பிடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. தூரத்தில் அசையாமல் உட்கார வேண்டும். தீனி வைக்க வேண்டும். மெதுவாக அது நம்மிடம் வரும். மூலிகை பறித்துக் கொடுத்தால் அதன் தலைக்குமேல் தெரிகிற சின்னப் பச்சை இலை கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். இலை முழுதாக நிறைந்ததும் அது காட்டுப்பக்கம் நடந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உடனே ஒரு இசை வரும். சின்னு ஒவ்வொரு தடவையும் அந்த இசைக்கு அழுவாள், உடனே சிரிப்பாள். "போயிடுச்சுக்கா, போயிடுச்சு" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

வேறு ஊர்க்காரர்கள் நம் காட்டுக்குள் வந்து உதவிசெய்யவும் அதில் வசதி உண்டு. அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். விளையாட்டில் அவள் முகத்துக்குப் பதில் ஒரு ஆந்தைப் படம். சின்னு அவளை ஆந்தை அக்கா என்றாள். முதலில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து "அக்கா" என்று குரல் வந்தது. "என்னடி" என்று போய் நின்றால், அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது என்னை அல்ல.

நானும் அந்தக் காட்டில் ஒன்றை வளர்த்தேன். அணிலுமில்லை, நரியுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பின்னங்கால் ஊனம். அதன் இலை முக்கால்வாசி நிறைந்தது. மறுநாள் பாதி மூலிகைதான் கொடுத்தேன். அது போகவில்லை. தினமும் குடிசை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தது. சின்னு ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இது இன்னும் நொண்டிக்கிட்டே இருக்கு? மருந்து குடுக்கலையா?"

"பாதி குடுக்கறேன்."

"ஏன் பாதி?"

"முழுசா குடுத்தா போயிடுமேடி."

"அது போறதுக்குத்தானே குணமாக்கறோம்? நீ பண்றதுக்குப் பேரு வேற," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அது வெறும் படம்தானே, மேடம். யாருக்கும் வலிக்கவில்லை.

பிறகு டாக்டர் ஒரு நல்ல மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு நிறத்தில் மூடி போட்ட கேப்ஸ்யூல். வலிப்பு நின்றது. ஒரு வருடம் தாண்டியும் வரவில்லை. "இனிமே இவங்க எல்லாரையும் மாதிரிதான். மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க," என்றார். அவர் அதை என்னைப் பார்த்துச் சொன்னார். திரும்பி வரும் வழியில் சின்னு கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். தச்சரைக் கூப்பிட்டுக் குளியலறைக் கதவில் மாட்டவைத்தாள். அன்று சாயங்காலம் அவள் உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்ட சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்டது. அவள் வெளியே வரும்வரை கதவின் இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் சாப்பிடும்போது சொன்னாள். "ஆந்தை அக்கா வேலை பாக்கற இடத்துல ஆள் எடுக்கறாங்கக்கா. அடிபட்ட பறவைங்களுக்கு ஆஸ்பத்திரி. கொக்கு, நாரை, ஆந்தைகூட இருக்காம். பின்னாடியே தங்கறதுக்கு ரூம் உண்டு."

"உனக்கு எதுக்கு வேலை? நான் இல்லையா?"

"நீ இருக்கக்கா. நீ எப்பவும் இருக்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் சொல்றேன். நீயும் கொஞ்சம் உனக்காக இரு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னாள். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அந்தக் கேப்ஸ்யூலைத் திருகினால் திறந்துகொள்ளும். உள்ளே வெள்ளைப் பொடி. பேக்கரியில் கேக்கின்மேல் தூவுகிற பொடித்த சர்க்கரையும் வெள்ளைதான். மருந்தில் பாதியைக் கொட்டிவிட்டு அந்தச் சர்க்கரையால் நிரப்பினேன். ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. தவறு என்று அப்போது தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். முதல் மாத்திரையிலேயே தெரியும். தெரிந்ததால்தான் அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பிடித்ததையே சமைத்தேன். புதுத் தலையணை வாங்கினேன். அவள் விழக்கூடிய இடங்களில் எல்லாம் நானே போய் நின்றுகொண்டேன்.

வலிப்பு சாப்பாட்டு மேசையில் வந்தது. தலை தரையில் படாமல் நான் பிடித்துக்கொண்டேன். தெளிந்ததும் வெகுநேரம் அழுதாள். வலியால் அல்ல, வேலை போய்விட்டதே என்று. பிறகு என் கையைக் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டு, "நல்லவேளை நீ பக்கத்துல இருந்தே," என்றாள். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் ஓட்டினேன்.

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அவர் கூட்டக் கூட்ட நான் குறைத்தேன். "இவ்வளவு குடுத்தும் வருதே, ரொம்ப விசித்திரமான கேஸ்," என்று அவர் தலையைச் சொறிந்தபோது எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், நல்ல மனிதர். அவரை எதற்கும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இப்படியே இருந்திருக்கலாம். வீடு பழையபடி ஆகிவிட்டது. தச்சர் மாட்டிய தாழ்ப்பாளை அவளே கழற்றச் சொன்னாள். ஆனால் அந்த ஆந்தைக்காரி விடவில்லை. தினமும் போன். ஒரு நாரைக்குச் சிறகில் கட்டுப் போட்டதைப் படம் எடுத்து அனுப்புவாள். அது நின்றதை அனுப்புவாள். அது பறந்ததையும் அனுப்பினாள். அதைப் பார்த்த மறுநாள் சின்னு துணிப்பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"ஃபிட்ஸ் வந்தா வரட்டும்க்கா. அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க. எல்லாம் சொல்லிட்டேன். தண்ணிகிட்ட தனியா விடமாட்டோம், மேல ஏற விடமாட்டோம்னு சொன்னாங்க. நான் போறேன்."

பெட்டியை அடுக்கிக் கொடுத்தேன். சளிக்கு, தலைவலிக்கு, எல்லாவற்றுக்கும் மருந்து வைத்தேன். கேப்ஸ்யூல் பாட்டிலையும் நான்தான் வைத்தேன். அதில் பாதி என்பது கிடையாது. எல்லாமே சர்க்கரை. போன உடனே பலமாக ஒன்று வந்துவிட்டால், இந்தப் பொண்ணை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். என் கணக்கு அதுதான். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் செய்தேன். வெளி உலகத்தில் அவள் எங்கேயாவது விழுந்துவிடுவாள் என்ற பயம்.

போய்ச் சேர்ந்த சில நாளில் மத்தியானம் போன் செய்தாள். நான் ஒரு பிறந்தநாள் கேக்கில் குழந்தை பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, காலைலேருந்து கை ஒரு மாதிரி உதறுது. வாயில அந்த இரும்பு ருசி வேற."

அந்த ருசி வந்தால் என்ன வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மாத்திரை போட்டியா?"

"ஒண்ணுகூட விடலக்கா. நீ சொன்ன மாதிரியே, சாப்பிட்ட உடனே. இங்க பக்கத்துலயே டாக்டர் இருக்காராம், ஆந்தை அக்கா கூட்டிட்டுப் போறேங்கறா. போகட்டுமா?"

போ என்று சொல்லியிருந்தால் போதும். அங்கே யாராவது புது மருந்துச் சீட்டு எழுதியிருப்பார்கள். கடையில் உண்மையான மாத்திரை கொடுத்திருப்பார்கள்.

"புது டாக்டருக்கு உன் உடம்பு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழம நானே வரேன். அதுவரைக்கும் ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கோ."

"சரிக்கா," என்றாள். "நீ வர்றது நல்லதுதான். உனக்கு நாரையக் காட்டறேன்."

போனை வைத்துவிட்டு அந்தக் குழந்தையின் பெயரை எழுதி முடித்தேன். எழுத்து கோணவில்லை.

நடந்தது மறுநாள் காலையில். அங்கே பறவைகளுக்காகத் தொட்டி மாதிரி ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர். தனியாக விடமாட்டோம் என்றவர்கள் தனியாக விடவும் இல்லை. ஆந்தைக்காரி கூடவேதான் இருந்தாள். மீன் வாளியை எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் சின்னு முகம் குப்புறக் கிடந்தாள். அந்தப் பெண் தன்மேல்தான் குற்றம் என்று உங்களிடம் அழுதாளாமே. அப்படி இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

அறையைக் காலிசெய்யும்போது மாத்திரை பாட்டில் முழுக்க எறும்பு ஏறியிருந்ததைப் பார்த்ததும் அவள்தான். மருந்துக்கு எறும்பு வராதே என்று யோசித்து, அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு முன், அடக்கம் முடிந்த அன்று, அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. எங்க அக்கா மாதிரி யாரும் பாத்துக்க முடியாதும்பா," என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்தபடி நின்றேன். அவளிடமிருந்து குளத்துத் தண்ணீரும் மீனும் கலந்த வாசனை வந்தது. அன்று ராத்திரி என்னால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகும் முடியவில்லை. இங்கே கொடுக்கிறதையும் திருப்பி அனுப்புகிறேன் என்று உங்கள் காவலர் புகார் சொல்லியிருப்பார்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. மாத்திரையைத் திறந்தது நான். நிரப்பியது நான். டாக்டரிடம் போகாதே என்றதும் நான். "தங்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதைத்தான் போட்டிருக்கிறீர்கள், உங்கள்மேல் தப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

சின்னு குளத்தில் விழுந்த அன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பை முந்தின நாளே போட்டுவைத்திருந்தேன். போன் அடித்தது. அந்த ஊர் நம்பர், அவளுடையது அல்ல. வலிப்பு வந்திருக்கும் என்று உடனே புரிந்தது. எடுத்து "ஹலோ" சொல்வதற்கு முன் ஒரு நொடி இருந்தது, மேடம். அந்த நொடியில் எனக்குப் பயம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.