ஒரே மகளின் அப்பா

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

லாப். வயது ஐம்பத்து நான்கு. வேறொருவரின் இறால் குளங்களுக்குக் காவல் இருப்பவர். விசா விண்ணப்பத்தில் மட்டும் அந்தக் குளங்களுக்குச் சொந்தக்காரர்.

தேம். அவர் மனைவி. கீ ஆன் சந்தையில் மீன் சாறு விற்பவள்.

குவாங். கொரியாவுக்குப் படிக்க ஆள் அனுப்பும் தரகர். வின் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர். மதியம் சாப்பிடாதவர்.

லாப்பின் கைபேசி. மேசை நடுவில்.

குவாங்: ...மறுபடி மொதல்லேர்ந்து. நான்தான் தூதரகம். நீங்க வீட்ல உக்காந்திருக்கீங்க. டிரிங்... டிரிங்...

லாப்: வீட்ல இருக்க மாட்டேனே தம்பி. குளத்துல இருப்பேன்.

குவாங்: சரிண்ணே, குளத்துல இருக்கீங்க. டிரிங்...

லாப்: கை ஈரமா இருக்கும்.

தேம்: தொடச்சிட்டு எடுய்யா!

லாப்: எடுத்துட்டேன். சொல்லு.

குவாங்: சொல்லு இல்ல. சொல்லுங்க. வணக்கம், விசா பிரிவிலேர்ந்து பேசறோம். உங்க மக சாம் இங்க படிக்க வர்றது சம்பந்தமா சில கேள்வி. என்ன தொழில் பண்றீங்க?

லாப்: இறால் குளம். மூணு குளம். மொத்தம் ஒன்றரை எக்டேர்.

குவாங்: அருமை. சொந்தமா?

லாப்: சொந்தம்.

குவாங்: காலைல எத்தனை மணிக்குக் குளத்துக்குப் போவீங்க?

லாப்: போறது எங்க, அங்கயேதான் படுக்கறது. நாலு மணிக்கு எறங்கி தீனித்தட்டைத் தூக்கிப் பாப்பேன். தீனி மிச்சம் இருந்தா இறாலுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம். உடனே சுண்ணாம்பு...

குவாங்: அண்ணே. சொந்தக்காரர் குளத்துல எறங்குவாரா?

லாப்: எறங்க மாட்டார். அவருக்கு இடுப்பு வலி.

குவாங்: இப்ப சொந்தக்காரர் நீங்க.

லாப்: எனக்கு இடுப்பு வலி இல்லையே.

தேம்: ஐயோ... தம்பி, நீ இவரை இப்படியே குளத்துல தள்ளிட்டுப் போயிடு.

குவாங்: இருங்கக்கா. அண்ணே, எறங்கறதுக்கு ஆள் வச்சிருக்கேன்னு சொல்லுங்க.

லாப்: ஆளுக்கு என்ன சம்பளம்னு கேட்டா?

குவாங்: கேக்க மாட்டாங்க.

லாப்: கேட்டா?

குவாங்: அறுபது லட்சம் டோங்னு சொல்லுங்க.

லாப்: அது கம்மி. எனக்கு அவ்வளவுதான் தர்றாரு. என் ஆளுக்கு நான் கூடவே குடுப்பேன்.

தேம்: மியென் அப்பா! வெளையாட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்!

குவாங்: அக்கா!

தேம்: என்ன?

குவாங்: அந்தப் பேர். எத்தனை தடவைக்கா சொல்றது? அந்தப் பேரை எடுக்காதீங்க.

தேம்: எடுத்தேனா?

குவாங்: இந்த அரை மணியில நாலு தடவை.

தேம்: இருபத்தாறு வருஷமா அப்படித்தானே கூப்பிடறேன்... தலைப்பிள்ளை பேரைச் சொல்லாம புருஷனை வேற எப்படிக் கூப்பிடறது? ஊரே அப்படித்தான் கூப்பிடுது. கடன்காரன்கூட அப்படித்தான் கூப்பிடறான்.

குவாங்: சாம் அப்பான்னு கூப்பிடுங்க.

தேம்: நேத்து கூப்பிட்டுப் பார்த்தேனே. யாரோ வந்திருக்காங்கன்னு இவர் எழுந்து வாசல்ல போய்ப் பாக்கறார்.

லாப்: வேற ஆள் பேர் மாதிரி இருந்துச்சு.

குவாங்: தூதரகத்துல பேசறவங்களும் நம்ம ஆளுங்கதான். நம்ம பழக்கம் அவங்களுக்கு நல்லாத் தெரியும். பின்னாடி நீங்க மியென் அப்பான்னு ஒரு சத்தம் குடுத்தா போதும். யாரு அந்த மியென்னு தேடுவாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு. படிக்க வந்தவ, விசா முடிஞ்சும் ரெண்டு வருஷமா திரும்பலன்னு வரும். முடிஞ்சது. அக்கா ஒளிஞ்சிருக்கிற நாட்டுக்குத் தங்கச்சியை விடுவாங்களா?

தேம்: மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்.

குவாங்: பக்கத்து வீட்டுப் பையனும் அங்கதான் ஒளிஞ்சிருக்கான். அவங்களுக்குப் புதுசா என்ன கேக்கப் போகுது?

லாப்: நல்ல பையன். டெட் புத்தாண்டுக்குத் தவறாம பணம் அனுப்பறான்.

குவாங்: அண்ணே, திரும்புவோம். மாசம் எவ்வளவு வருமானம்?

லாப்: நாலு கோடி டோங்.

குவாங்: படிப்புச் செலவு யார் பாத்துக்கறீங்க?

லாப்: மிய...

தேம்: ம்ஹூம்!

லாப்: நான். நான்தான் பாத்துக்கறேன். குளத்து வருமானத்துல.

குவாங்: ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், தெரியுமா?

லாப்: தெரியும். பள்ளிக் கட்டணம், விடுதி, உன் கூலி, எல்லாம் சேத்து இருபத்திரண்டு கோடி. அதுபோக பேங்க்ல தொடாம போட்டு வைக்கிற இருபத்தஞ்சு.

குவாங்: என் கூலியைச் சொல்லாதீங்க.

லாப்: அதுவும் செலவுதானே?

குவாங்: செலவுதான்! ஆனா சொல்லாதீங்க! சரி. கடைசிக் கேள்வி. எத்தனை பிள்ளைங்க?

லாப்: ரெண்டு.

தேம்: ஐயையோ!

லாப்: என்ன?

குவாங்: மூணாவது தடவை வந்திருக்கேன்ணே. போன வாரம் இதே எடத்துல உக்காந்து ஒண்ணுன்னு சொன்னீங்க. பத்து தடவை சொன்னீங்க. சோறு ஊட்டின பிள்ளை மாதிரி சொன்னீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?

லாப்: போன வாரம் சொன்னேன்.

குவாங்: குடும்ப அட்டைலேர்ந்து அவ பேரை எடுத்தாச்சு. உங்க மச்சான் வீட்டு அட்டைல ஏத்தியாச்சு. காகிதப்படி அவ உங்க மச்சான் பொண்ணு. எத்தனை பிள்ளைங்க?

லாப்: ரெண்டு.

தேம்: இந்த மனுஷனுக்குக் காது மந்தமா, மண்டை மந்தமா?

குவாங்: அக்கா, சுவத்துல இருந்த போட்டோவை எடுத்தீங்களா?

தேம்: எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கேன்.

லாப்: அரிசி அளக்கும்போதெல்லாம் தெரியுது.

குவாங்: இங்க பாருங்கண்ணே. எனக்கு மட்டும் ஆசையா? மியெனை எனக்கும் தெரியும்.

லாப்: தெரியாம? அனுப்பினதே நீதானே.

குவாங்: நான்தான். படிக்க அனுப்பினேன். ஓடச் சொல்லி அனுப்பல.

லாப்: பகுதி நேர வேலை பார்த்தே ரெண்டாவது பருவக் கட்டணம் கட்டிடலாம்னு சொன்னே.

குவாங்: சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.

லாப்: காலைல வகுப்பு. ராத்திரி பூரா பிளாஸ்டிக் ஆலை. வகுப்புல தூங்கினா. வராத நாள் கூடிப்போச்சுன்னு பள்ளிக்கூடத்துல பேரை எடுத்தான். விசாவும் போச்சு. கடன் மட்டும் போகல. கடன் இருக்கிறப்ப எப்படித் திரும்பி வருவா?

குவாங்: அப்ப சாமை அனுப்பாதீங்க! யார் கட்டாயப்படுத்தினா?

தேம்: அப்படிச் சொல்லாதே தம்பி. இவர் பேசறதைக் கணக்குல எடுக்காதே.

குவாங்: இல்லக்கா, அண்ணனே சொல்லட்டும்.

தேம்: அவ நெஜமாப் படிக்கறவ. கொரிய மொழிப் பரீட்சையில நாலாம் நிலை வாங்கிட்டா. நர்ஸ் வேலைக்குப் படிக்கணும்ங்கறா. வின்ல எட்டுப் பேர் இருக்கிற அறையில, கட்டிலுக்கு அடியில உக்காந்து படிக்கறா. மேல வெளக்கு மத்தவங்க கண்ணைக் கூசுதாம்.

லாப்: பெரியவளும் படிக்கத்தான் போனா.

தேம்: அதுக்குத்தான் இவளுக்கு மொத வருஷக் காசு பூரா முன்னாடியே கட்டறோம்! ராத்திரி வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான்! கட்டறது யாரு? நீயா, நானா? பெரியவதானே அனுப்பினா! தங்கச்சிக்கு விசா கெடைக்கற வரைக்கும் என் பேரையே எடுக்காதீங்கன்னு அவதானே சொன்னா!

லாப்: அவ சொல்லுவா.

குவாங்: அண்ணே, நெலமை தெரியுதா? ஒருதடவை மறுத்துட்டா அது பதிவுல நிக்கும். அப்புறம் சாம் எந்தப் பள்ளிக்கு எழுதிப் போட்டாலும் அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. ஒப்பந்தத்துல எட்டாவது வரி படிச்சீங்களா?

லாப்: கண்ணாடி இல்ல.

குவாங்: வீட்டுக்காரங்க தப்பாப் பேசி விசா போனா, கட்டின காசு திரும்பாது. பேங்க்ல போட்டது மட்டும்தான் வரும்.

தேம்: ஒரு டோங்கூடத் திரும்பாதா?

குவாங்: வீட்டுப் பத்திரமும் அடமானத்துல இருக்கு. நான் பயமுறுத்தலக்கா. சட்டம் அப்படி. சரி, இன்னிக்கு இதுவரைக்கும் போன் எதுவும் வரலியே?

தேம்: வந்திருந்தா சொல்லியிருப்பாரே.

குவாங்: அண்ணே?

லாப்: வரல.

குவாங்: இந்த வாரம் முழுக்க எப்ப வேணா வரும். ஒரே தடவைதான் கூப்பிடுவாங்க. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ஒரே தடவை. எத்தனை பிள்ளைங்க?

லாப்: தம்பி, சாப்பிட்டியா?

குவாங்: எத்தனை பிள்ளைங்கண்ணே?

லாப்: கணவாய் வறுத்தது இருக்கு.

குவாங்: எத்தனை பிள்ளைங்க!

லாப்: ரெண்டு.

குவாங்: நான் கெளம்பறேன்.

தேம்: தம்பி, தம்பி... சாப்பிட்டுட்டுப் போ.

குவாங்: பசி செத்துப்போச்சுக்கா. ராத்திரிக்குள்ள இவர் வாய்லேர்ந்து ஒண்ணுன்னு வரவைங்க. கெஞ்சுவீங்களோ, அடிப்பீங்களோ. எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. அடுத்த வீட்டுல அப்பா செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. சித்தப்பாவை அப்பாவா ஆக்கி வச்சிருக்கேன். அவர் எவ்வளவு அழகாச் சொல்றார் தெரியுமா?

தேம்: பாத்துப் போ தம்பி. மழை வரும்போல இருக்கு.

குவாங்: வரட்டும்.

லாப்: ...வண்டி போயிடுச்சு.

தேம்: என்கிட்ட பேசாதே.

லாப்: பேசல.

தேம்: எனக்கு மட்டும் அவ பிள்ளை இல்லையா? பத்து மாசம் நீயா சுமந்தே? போட்டோவைக் கழட்டினது நான். ஆணி இருந்த எடத்துல காலண்டர் மாட்டினது நான். சந்தையில எவளாவது மியென் எப்படி இருக்கான்னு கேட்டா, யாரு மியென்னு கேக்கறது நான். நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ஒண்ணு. அதுக்கு உன் நாக்கு அழுகிப் போயிடுமா?

லாப்: இருட்டறதுக்குள்ள போய்க் குளத்துக்குக் காத்து குடுக்கற துடுப்பெந்திரம் போடணும்.

தேம்: போ. போய் அந்த இறாலுங்களோடயே இரு. அதுங்க உன்னை எத்தனை பிள்ளைன்னு கேக்காது.

லாப்: சோறு கட்டிக் குடு.

தேம்: கட்ட மாட்டேன். ஒண்ணுன்னு சொல்லக் கத்துக்கிட்டு வா, சோறு போடறேன். அதுவரைக்கும் இந்த வாசப்படி ஏறாதே. போ... செருப்பை எடுத்துக்கோ. போனையும் எடு! அதை விட்டுட்டுப் போகப் பாக்கறியே!

லாப்: எடுத்துட்டேன். ஏன் தள்ளறே?

தேம்: தள்ளத்தான் செய்வேன்.

லாப்: ...சாத்திட்டியா?

தேம்: சாத்திட்டேன்.

லாப்: பூட்டிட்டியா?

தேம்: மேல தாழ்ப்பாள், கீழ பூட்டு. ரெண்டும் போட்டாச்சு. போயிட்டே இரு.

லாப்: மியென் அம்மா...

தேம்: சாம் அம்மா!

லாப்: நடுவுல கதவு இருக்கிறதும் நல்லதுதான். காலைல போன் வந்துச்சு.

தேம்: என்ன போன்?

லாப்: அவங்கதான். பத்து மணி இருக்கும். நெஞ்சளவு தண்ணியில நின்னு துடுப்பெந்திரத்துல சிக்கின பாசியை எடுத்துக்கிட்டிருந்தேன்.

தேம்: இப்பத்தானே அவன்கிட்ட வரலன்னு சொன்னே?

லாப்: சொன்னேன்.

தேம்: என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு.

லாப்: தொழில் கேட்டாங்க. குளம் மூணு, சொந்தம்னேன். எறங்கறதுக்கு ஆள் வச்சிருக்கேன்னேன். மாசம் நாலு கோடின்னேன். செலவு பூரா என்னுதுன்னேன்.

தேம்: பிள்ளைங்க?

லாப்: ஒண்ணுன்னேன்.

தேம்: ஒண்ணுன்னா சொன்னே? நெஜமா?

லாப்: ஒரே பொண்ணு, பேரு சாம், வேற யாரும் இல்லன்னேன். திக்கல, திணறல.

தேம்: அப்ப ஏன்யா... அப்ப ஏன் மத்தியானத்துலேர்ந்து ரெண்டு ரெண்டுன்னு எங்க உயிரை எடுத்தே?

லாப்: காலைல ஒருதடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை வாய் வரல.

தேம்: பைத்தியக்கார மனுஷா! எல்லாம் சரியாச் சொல்லிட்டு... அந்தத் தம்பிக்கு இப்பவே போன் போடணும். இரு, இரு, சாவியை எங்க வச்சேன்... தொறக்கறேன் இரு.

லாப்: தொறக்காதே.

தேம்: ஏன்?

லாப்: தொறக்காதேன்னா தொறக்காதே. போனை எடுத்தேன்ல... கேள்வியெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, யார் பேசறதுன்னு கேட்டாங்க.

தேம்: நீ என்ன சொன்னே?

லாப்: கை ஈரமா இருந்துச்சு. போன் வழுக்கிச்சு. எப்பவும் சொல்றதுதான் வாயில வந்துச்சு.

தேம்: அவங்க... அவங்க அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஏதோ சொல்றாருன்னு விட்டிருப்பாங்க. இல்ல?

லாப்: பேசின பொண்ணு நல்ல பொண்ணு. கடைசிவரைக்கும் மரியாதையாத்தான் பேசுச்சு. எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, ரொம்ப நன்றி மியென் அப்பான்னு சொல்லிட்டுத்தான் வச்சுது.