சிஸ்டர், உங்களுக்குக் கேக்குதா?

எவர் பேசினாலும் முடிக்கும்வரை குறுக்கிடாத பழக்கத்தை மேடையிலும் விடாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர், எங்கள் தலைமைச் செவிலியர் அவர்களே! மருத்துவமனை வராந்தா பெஞ்சில் பொழுதெல்லாம் காத்துக் கிடந்த பெரியோர்களே, பிள்ளைகளைப் பறிகொடுக்க மறுத்த தாய்மார்களே! நாளை முதல் மனநலப் பிரிவில் பணியேற்கும் இளம் செவிலியர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ரயில் நிலைய அறிவிப்பாளன். வண்டி தாமதம் என்று நான் அறிவித்தபோதெல்லாம் என்னை வாயாரத் திட்டியவர்கள் இங்கும் இருப்பீர்கள். சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் இருக்கிறீர்கள்!

ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த எனக்கு ஒருநாள் ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. ஒலிபெருக்கி இல்லை, ஒலிவாங்கி இல்லை, ஆள் அரவமே இல்லை. ஆனால் குரல் இருந்தது. யாருடைய குரல்? என்னுடைய குரலே! "கவனிக்கவும், உன் சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது." நான் அறிவிக்கும் அதே தொனி, அதே நிதானம். என் குரலை நானே எப்படி நம்பாமல் இருப்பேன்?

மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கும் சாப்பிட மறுத்தேன். மனைவி கொண்டுவந்த டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பிப் போனது. உடம்பு பாதியானது. அப்போது வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலியர், ஈர நெஞ்சுக்காரி, என் அருகே வந்து மெல்லச் சொன்னார்: "அண்ணா, இப்ப எனக்கும் அந்தக் குரல் கேட்டுச்சு. இன்னிக்குச் சாப்பாட்டுல ஒண்ணும் இல்லையாம். சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்! வார்டே மகிழ்ந்தது. ஆனால் அவையோரே, அந்தக் கனிவான பொய் எனக்குள் என்ன செய்தது தெரியுமா? சிஸ்டருக்கே கேட்கிறதென்றால் குரல் உண்மை! அது சொல்வதெல்லாம் உண்மை! மறுநாள் அது சொன்னது: "விஷம் வைப்பவள் உன் மனைவி." நம்பினேன். அவளை வாசலிலேயே விரட்டினேன். சோற்றை விட்டவன் தண்ணீரையும் விட்டேன். உயிர் ஊசலாடியது.

அப்போது வந்தார் இதோ தலைமை வகிக்கும் இந்த அம்மையார், அந்த இளம் செவிலியரையும் அழைத்துக்கொண்டு. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார்: "எனக்கு எதுவும் கேக்கலண்ணா. நீங்க சாப்பிடணுமேன்னு பொய் சொல்லிட்டேன்." இதை இங்கே சொல்ல அவரேதான் எனக்கு அனுமதி தந்தார். அந்தத் துணிவுக்கு ஒரு கைதட்டல் தாருங்கள்!

பிறகு அம்மையார் சொன்னார்: "தம்பி, எனக்கும் அந்தக் குரல் கேக்கல. ஆனா உங்களுக்குக் கேக்குது, பயமா இருக்கு. அது எனக்குத் தெரியுது. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

பொய்யென்று அதட்டவில்லை, மெய்யென்று தலையாட்டவும் இல்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஓடு உடைக்காத அவித்த முட்டையையும், மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் என் முன் வைத்தார். பிறர் கைபடாததை நானே திறக்கட்டும் என்று விட்டுவிட்டார். நெடுநேரம் கழித்து மூடியைத் திருகினேன். பிறகு ஓட்டை உடைத்தேன். உப்பில்லாத அந்த முட்டையின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அன்று முதல் சந்தேகம் வரும்போதெல்லாம் கேட்பேன்: "சிஸ்டர், இது உங்களுக்குக் கேக்குதா?" மழை என்றால், "கேக்குது" என்பார். குரல் என்றால், "இல்ல தம்பி" என்பார். அந்த இரண்டு பதில்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையேறினேன். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன், குரலும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. ஆனால் என் மனைவி இதோ, முதல் வரிசையில், நான் எழுந்து வந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறாள்!

இளம் செவிலியர்களே! எங்கள் காதே எங்களை ஏமாற்றும் காலத்தில் உங்கள் காதைத்தான் நாங்கள் இரவல் வாங்குகிறோம். அதில் பொய் கலக்கலாமா? பரிவுக்காகக் கலக்கலாமா? அவசரத்துக்காகக் கலக்கலாமா? கலக்கவே கலக்காதீர்கள்!

கைதட்டுகிறீர்கள். மன்னியுங்கள், இவ்வளவு பெரிய ஓசை கேட்டால் எனக்கு இன்றும் ஒரு சின்ன ஐயம். தலைவரிடமே கேட்டுவிடுகிறேன். சிஸ்டர், இது உங்களுக்குக் கேக்குதா?

"கேக்குது தம்பி. நல்லாவே கேக்குது."

அவருக்கே கேட்கிறதாம். இனி எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.