எண்ணுக்குப் பின்னால் ஒரு நெளிகோடு

எங்கள் அலுவலகத்தில் கணினி அறை மட்டும்தான் குளிர்ச்சியாக இருக்கும். மதியச் சாப்பாட்டை எல்லோரும் அங்கேதான் கொண்டுவருவார்கள். நான் மறுத்ததில்லை. யாரோடும் எனக்குச் சண்டை இருந்ததில்லை சார், விசாரித்துக்கொள்ளலாம்.

சாயல்குடிக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய எச்சரிக்கை மையம் அது. கடல் கொந்தளிக்கும் என்று தகவல் வந்தால், கரையோரத்தில் வேலை செய்பவர்களின் செல்போனுக்குத் தமிழில் செய்தி அனுப்புவோம். அனுப்புகிற மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது, மூலநிரலோடு. அதில் ஒரு கோளாறு. தமிழ்ச் செய்தி கொஞ்சம் நீளமானால், அனுப்பாமலே 'அனுப்பியாச்சு' என்று திரையில் காட்டிவிடும். 2007-ல் நான்தான் அதைச் சரிசெய்து, இங்கேயே மறுபடி கட்டி நிறுவினேன்.

அப்படிக் கட்டும்போது பதிப்பு எண்ணில் கவனம் வேண்டும். வெளியிலிருந்து வருவது 1.6-3 என்றால், நாம் அதன் பின்னால் கூட்டல் குறி போட்டு ஊர்ப் பெயரைச் சேர்க்க வேண்டும். கணினி நம்முடையதைப் புதியது என்று எடுத்துக்கொண்டு தொடாமல் விட்டுவிடும். கூட்டல் குறிக்குப் பதில் ஒரு நெளிகோடு போட்டால் நம்முடையது பழையதாகிவிடும். அடுத்து யார் அப்டேட் கொடுத்தாலும் நம்முடையதை நீக்கிவிட்டு, கோளாறுள்ள வெளிப்பதிப்பை வைத்துக்கொள்ளும். கொடுத்தவர் பெயரும் பதிவாகிவிடும்.

2009 பங்குனியில் பூமயிலைப் பொறுப்பாளராக்கினார்கள். கெட்டிக்காரப் பெண். அவள் அப்பா பூமிநாதன் எங்கள் வயலில் வேலை பார்த்தவன். இன்றும் என்னைச் 'சின்னய்யா' என்பான். அவள் முதல் நாளே, "அண்ணே, இனிமே லீவுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அந்த வாரமே மென்பொருளை மறுபடி கட்டி, நெளிகோடு போட்டேன்.

வைகாசியில் ஒரு காலை தகவல் வந்தது. மதியத்துக்குள் அலை ஏறும், மாரியூர் உப்பளத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுங்கள் என்று. அவள் அம்மா செவ்வந்தி அங்கேதான் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பூமயில் நீளமாகச் செய்தி எழுதினாள். அவள் பொறுப்பேற்ற பிறகு வந்திருந்த முதல் அப்டேட்டும் காத்திருந்தது.

"அண்ணே, செய்திய அனுப்பிட்டு அப்டேட் போடவா?"

"முதல்ல அப்டேட்டப் போட்டுரு தாயி. நடுவுல மிஷின் நின்னா செய்தி பாதியில போயிரும்."

"அங்கன எங்கம்மா நிக்குதுண்ணே. லேட்டாயிராதுல்ல?"

"ஆகாது. நான் இங்கனதான இருக்கேன்."

அப்டேட் கொடுத்தாள். பிறகு செய்தியை அனுப்பினாள். 'அனுப்பியாச்சு' என்று வந்தது. உப்பள மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமா என்றாள். "அந்தாளு ஆளுகளக் கெளப்பிக்கிட்டிருப்பான், இடைஞ்சல் பண்ணாத" என்றேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பாத்திக்கரை உடைந்து, அலை வாய்க்காலுக்குள் இழுத்ததில் செவ்வந்தியும் கருத்தம்மாளும் போனார்கள். கருத்தம்மாள் எங்கள் வீட்டு அறுப்புக்கு வந்தவள், நன்றாகப் பாடுவாள். இரண்டு சாவுக்கும் போனேன். பூமயில் வெறுந்தரையில் உட்கார்ந்து, "நான் அனுப்புனேன்லண்ணே, நீங்க பாத்தீகள்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ அப்டேட் போட்டதுல ஏதோ ஆயிருச்சு போல" என்றேன்.

அதன்பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. வேலையையும் விட்டுவிட்டாள். பெண்டாட்டியைப் புதைத்த கையோடு பூமிநாதன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். "எம்மக பண்ணதுக்கு மன்னிச்சிருங்க சின்னய்யா" என்றான். மன்னித்தேன்.

என்னை யாரும் பிடித்துவரவில்லை, நானேதான் வந்திருக்கிறேன். விசாரணைக்கு வந்த நிபுணர் நெளிகோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் உள்ளூரில் கட்டியவர் விதி தெரியாமல் போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். அதோடு விட்டுவிடவும் தயாராக இருக்கிறார்கள்.

தெரிந்துதான் போட்டேன். அன்று செய்தி போகாது, அந்தப் பெண்கள் அங்கேயே நிற்பார்கள் என்பதும் தெரியும். அவள் மேல் எனக்கு எந்த வஞ்சமும் கிடையாது. 'தெரியாமல்' என்கிற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் சார். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.