கால்சியம் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்த எங்கள் ஆலோசகர் அக்காவுக்கு

அன்பும் அஞ்சாமையும் ஒருசேர வாய்த்தவரே! வாசல்வரை வந்து திரும்பிப் போக நினைத்தவர்களையெல்லாம் வாஞ்சையோடு வழிமறித்தவரே! கண்ணீரோடு வந்தவருக்குக் காதையும், கோபத்தோடு வந்தவருக்குப் பொறுமையையும், பொய்யோடு வந்தவருக்கு நாற்காலியையும் தந்தவரே! ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்த தேநீரை ஆறிய பிறகே அருந்திப் பழகிய அருமைக்குரியவரே! எங்கள் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தின் மூத்த ஆலோசகரே! வணக்கம்.

"தாங்கள்" என்று போட்டுத்தான் உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலை எழுதத் தொடங்கினோம். அப்படி வாசித்தால், "யாரைச் சொல்றாங்க?" என்று நீங்கள் பின்னால் திரும்பித் தேடுவீர்கள் என ஆய்வகத்தார் எச்சரித்ததால் "நீங்கள்" என்றே மாற்றிக்கொண்டோம். எழுதியவர் மருந்தாளுநர், திருத்தியவர்கள் மற்றவர்கள், திருத்தங்களில் பாதியைப் பழையபடி மாற்றியவரும் அதே மருந்தாளுநர்தான். கதவைச் சாத்தியிருக்கிறோம். உள்ளே இருப்பவர்கள் நாம் மட்டுமே என்பதால் மனம்விட்டுப் பேசலாம். மகிழ்ச்சியாக ஒரு மடல் எழுத மெனக்கெட்டோம் அக்கா. வரவில்லை. பேனாவை எடுத்தால் கவலைதான் வருகிறது.

நீங்கள் இங்கு வந்து சேர்ந்த காலத்தில், எச்.ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்தாலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியவர்கள் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எவ்வளவு நாள்?" என்பதே. பிறகு கூட்டு மருந்து வந்தது, நாள்கள் ஆண்டுகளாயின, ஆண்டுகள் பல்லாண்டுகளாயின. இளமையிலேயே போய்விடுவோம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இன்று முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது. "வயசாயிடுச்சும்மா" என்று அவர்கள் அலுத்துக்கொள்ளும்போது, "அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்?" என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

சிரித்த கையோடு கவலைப்படத் தொடங்கியவரும் நீங்கள்தான். இவர்கள் எலும்பு மருத்துவரிடம் போவார்கள், நம் மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். இதய மருத்துவரிடம் போவார்கள், அங்கும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு மருந்து இன்னொன்றின் காலை வாரிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நரைத்த தலையைப் பார்த்து இந்த நோயைப் பற்றிக் கேட்கவோ, பரிசோதிக்கவோ எந்த மருத்துவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. கிழவர்களுக்கு இளமை என்று ஒன்று இருந்ததையே உலகம் மறந்துவிடுகிறது.

காத்திருக்கும் கூடத்தில் எவருடைய பெயரையும் உரக்க அழைக்கக் கூடாது என்று வழக்கம் ஏற்படுத்தியவர் நீங்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்பீர்கள்; அவரவர் விரும்பிய பெயரை அவரவர் வைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் "மேலதிகாரி" என்று வைத்துக்கொண்டார். ஆய்வுக்கு வந்திருந்த உண்மையான மேலதிகாரி, நீங்கள் அழைத்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, "மாத்திரை தவறாம சாப்பிடறீங்களா?" என்று நீங்கள் கேட்ட கதை எங்கள் மருந்து ஜன்னலில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் பித்தான் ஐயா. தையல்காரர்; எழுபதைத் தாண்டியவர்; மனைவியை இழந்தவர்; மகன், மருமகளோடு இருப்பவர். அவருக்கு இந்த நோய் இருப்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. அவர் கதையை இங்கு வாசிக்கலாமா என்று அவரிடமே கேட்டோம். "தாராளமா படிங்க. அந்தம்மா மேல எனக்கு அவ்வளவு கோபம் இருக்கு" என்றார். நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்பதுதான் அந்தக் கோபம்.

பல ஆண்டுகளாகச் சோதனையில் தென்படாமலே இருந்த வைரஸ், அண்மையில் அவர் இரத்தத்தில் மீண்டும் தலைகாட்டியது. மாத்திரையைத் தவறவிடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். மருந்து வேலை செய்யவில்லையோ என்று மருத்துவர் யோசித்தார். மாற்று மருந்துக்குப் போகலாம் என்றால், அதை அவருடைய சிறுநீரகம் தாங்குமா என்ற பயம். நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒன்றை மட்டும் கவனித்தீர்கள். மருந்து வாங்க அவர் தாமதமாக வந்திருந்தார். கேட்டதற்கு, "இன்னும் மிச்சம் இருக்கும்மா" என்றார். தவறாமல் சாப்பிடுகிறவரிடம் எப்படி மிஞ்சும்?

"டப்பாவோட கொண்டு வாங்க ஐயா" என்றீர்கள். கொண்டுவந்தார். வீட்டார் கண்ணில் படாமலிருக்க, நம் மாத்திரைகளை ஒரு கால்சியம் டப்பாவில் கொட்டிவைத்திருந்தார். அதை மேசைமேல் கவிழ்த்தீர்கள். வெள்ளை வெளேரென்று எல்லாம் ஒன்றுபோல உருண்டன. உற்றுப் பார்த்தபோதுதான் இரண்டு வகை என்று தெரிந்தது. பாதி நம்முடையவை; பாதி உண்மையான கால்சியம். மாமனாருக்கு எலும்பு தேய்கிறதே, டப்பா காலியாகிறதே என்று மருமகள் தன் பங்குக்குக் கடையில் வாங்கி நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார். புரை விழுந்த கண்ணால் ஐயாவுக்கு வேறுபாடு தெரியவில்லை.

நாங்களாக இருந்தால் திட்டியிருப்போம். நீங்கள் கேட்டது இதுதான்: "வீட்ல உங்களை இவ்வளவு அக்கறையா யாரு பார்த்துக்கறாங்க ஐயா?" அந்த முதியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சொன்னா மருமக என்னை வேற மாதிரி பார்ப்பாம்மா. பேரப்பிள்ளையைத் தொட விடமாட்டா" என்றார். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம் என்றீர்கள். சொல்வதானால் பக்கத்திலிருப்பேன் என்றீர்கள். "நீங்கதான் போறீங்களே!" என்றார். உங்கள் நாற்காலிக்கு வருபவர் யார் என்ற ஆணை இன்னும் வரவில்லை. ஐயாவுடைய மறு சோதனையின் முடிவு, நீங்கள் போன பிறகுதான் வரும். வைரஸ் அடங்கியிருக்குமா, மருந்தை மாற்ற வேண்டியிருக்குமா? இந்த நினைப்பில் எங்களுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

கலங்காத உள்ளமே! களைக்காத கால்களே! ஓய்வு என்ற சொல்லுக்கு உங்களைப் பழக்குவது கடினம் என்பதை அறிவோம், ஆயினும் பழகுங்கள். சூடான தேநீரைச் சூடாகவே குடியுங்கள். நோயின்றி நெடுங்காலம் வாழ்ந்து, உங்களால் இத்தனை பேர் எட்டிப்பிடித்த அந்த முதுமையை நீங்களும் நிறைவாகக் காணுங்கள். மருத்துவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அச்சடித்தது இத்துடன் முடிகிறது. இனி வருவது, விழா தொடங்கும் முன் அவசரமாகக் கையால் எழுதிச் சேர்த்தது.

சற்றுமுன் ஒரு பெண் தனியாக வந்தார். பித்தான் ஐயாவின் மருமகள். நேற்று ஐயா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாராம். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று செவிலியர் பயந்துகொண்டே உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "நான் போட்ட மாத்திரையால மாமாவுக்கு ஏதாவது ஆயிடுமா? நான்தானே போட்டேன்?"

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் அக்கா. உங்களை அழைக்கிறோம் என்றதற்கு, "விழா நடக்கட்டும், நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் இந்த அறைக்கே வந்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் மறைத்தோம். உங்கள் அறையில்தான் இருக்கிறார். ஆய்வகத்தார் துணைக்கு இருக்கிறார். இங்கே அவருடைய நாற்காலி காலியாக இருப்பதை நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள்.

நன்றியுரை வேண்டாம். பூங்கொத்தை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். எழுந்து போங்கள் அக்கா.

என்றும் உங்கள் அன்பில்,
மருந்தாளுநர், செவிலியர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர்,
உங்கள் அறையிலிருந்தபடி ஆய்வகத்தார்