கடைவாசலில் ஒரு மடக்கு நாற்காலி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் பாஸ்கல் அண்ணன் அவர்களே, ஆறுமுகநேரியிலிருந்தும் சாகுபுரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெருமக்களே, கனத்த மனத்தோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம்முடைய நுகர்வோர் நலக் குழுவின் செயலாளர், அஞ்சா நெஞ்சர், திருமதி பிளாரன்ஸ் பாஸ்கல் அவர்கள் மறைந்துவிட்டார்! பிளாரன்ஸ் என்றால் இந்தத் தூத்துக்குடியில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாற்காலி அக்கா என்றால் தெரியாத கடைக்காரர் உண்டா? அந்த நாற்காலியைத்தான் இதோ மேடையில் விரித்து வைத்திருக்கிறோம். படத்துக்கு மட்டும் மாலை போட்டோம். நாற்காலிக்கும் ஒரு மாலை போடலாமே என்றார்கள். நான்தான் கூடாது என்று தடுத்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாசலில் ஒரு பிளக்ஸ் பேனர்கூட இல்லையே, இந்தத் துணைச் செயலாளர் செல்வராணிக்கு, அதாவது எனக்கு, அவ்வளவு கஞ்சத்தனமா என்று யாரோ கேட்டதும் என் காதில் விழுந்தது. ஐயா, பிளக்ஸ் என்றாலே அக்காவுக்கு ஆகாது. "நடக்குற வழிய மறிச்சுக்கிட்டு நான் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாக்கும்!" என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்திருந்தார்.

எதையெல்லாம் எதிர்த்தார் அவர்! ஒரு சீப்பு வாங்கப் போனாலும் போன் நம்பர் கேட்கும் கடை. பல்லால் கடித்தாலும் பிரியாத பிளாஸ்டிக் உறை. ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும் புகார் எண். நூலில் கட்டிப்போட்ட, எழுதாத பேனா. ஆதார் அட்டையையே நீட்டினாலும் ஜெராக்ஸ் எங்கே என்று கேட்கும் கவுண்டர். "இதெல்லாம் காலாவதியான சரக்கு செல்வராணி. கடல்ல தூக்கிப் போட்டா கடலே வேண்டாம்னு சொல்லிரும்" என்பார் என்னிடம். நாமெல்லாம் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அவர் முணுமுணுத்தாரா? இல்லை! நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்!

அவருடைய பரம எதிரி ஒரு பலகை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள், சாமியே எழுதிக் கொடுத்ததுபோல! அக்கா ஓய்வு பெறும்வரை கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கன்டெய்னர்கள் துறைமுகத்தில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அவர் கேட்ட கேள்வியை இந்தச் சபையில் அப்படியே சொல்கிறேன். "நம்ம சரக்குல குறை இருந்தா வெளிநாட்டுக்காரன் கப்பல்லயே திருப்பி விட்டுருதான். நம்மளும் கையக் கட்டிக்கிட்டு வாங்கி வைக்கோம். அவனுக்கு ஒரு நியாயம், உப்பளத்துல நிக்கிற சண்முகத்தாய்க்கு ஒரு நியாயமா?"

அந்தச் சண்முகத்தாய் இங்கேதான் இருக்கிறார். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை. நம் கடைத்தெருவில் ஒரு மின்விசிறி வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் போட்டால் காற்று வரவில்லை, புகை வந்தது! திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்தார் கடைக்காரர்? பலகையை மட்டும் கையால் காட்டினார்.

செய்தி அக்காவுக்கு வந்தது. மறுநாள் நாற்காலியோடு கிளம்பிவிட்டார். அவரிடம் கூச்சல் கிடையாது, கோஷம் கிடையாது. வழியை மறிக்காமல் வாசல் ஓரமாக உட்கார்வார். உள்ளே போகிறவர்களிடம் சிரித்த முகத்தோடு, "நல்லா ஓட்டிப் பாத்து வாங்குங்க. இங்கன திருப்பி எடுக்க மாட்டாவளாம்" என்பார். அவ்வளவுதான்! வந்த ஆள் அப்படியே திரும்பிவிடும்.

பொன்னுதுரை அண்ணாச்சி, சிரிக்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன். நீல ஷட்டர் போட்ட கடை என்று சண்முகத்தாய் அடையாளம் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் நீல ஷட்டர் இரண்டு கடைகளுக்கு உண்டு. அக்கா போய் உட்கார்ந்தது நம் அண்ணாச்சி கடை வாசலில்! அண்ணாச்சி என்ன ஏது என்று கேட்டாரா? கேட்கவில்லையே! நாற்காலியைக் கண்டதும் ஸ்டூலைப் போட்டு ஏறித் தன் பலகையைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார் சண்முகத்தாய். "யக்கா, இது இல்ல! அடுத்த கடை!"

அக்கா எழுந்து கைகூப்பினார். "தப்பு என் பேர்லதான் அண்ணாச்சி. வேணும்னா பலகைய மாட்டிக்கிடுங்க."

"கழட்டுனது கழட்டுனதுதாம்மா" என்றார் அண்ணாச்சி. "திருப்பி மாட்டுனா, நாளைக்கு நீங்க சரியாவே வந்து உக்காந்திருவிய."

பக்கத்துக் கடை வாசலுக்கு மாறிய நாற்காலிக்கு அன்று டீ வந்தது அண்ணாச்சி கடையிலிருந்து. மாலைக்குள் சண்முகத்தாய்க்குப் புது மின்விசிறி கிடைத்தது. அந்தக் கடைப் பலகையும் இறங்கியது. பலகை போன பிறகுதான் நம்பி ஆள் வருகிறது என்று அண்ணாச்சியே வணிகர் சங்கத்தில் எத்தனை முறை பேசியிருக்கிறார்! அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்க அக்கா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? மின்விசிறி விற்ற அதே கடையில் அதே பழைய பலகை மறுபடியும் தொங்குகிறது! ஓட்டை மிக்சியைத் திருப்பிக் கொடுக்கப் போன சண்முகத்தாயிடம் கடைக்காரர் சொன்னாராம், "நாற்காலிக்காரம்மா போய்ச் சேந்துட்டாவ. இனி யாரு வந்து உக்காருவா?"

சண்முகத்தாய் மிக்சியோடு நேரே என்னிடம் வந்து அழுதார். மிக்சிக்காக அழவில்லை. "இத்தன நாளும் அக்கா முகத்துக்குத்தான் குடுத்திருக்காவ. அப்ப நமக்குன்னு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டு அழுதார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலமே பாஸ்கல் அண்ணன் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்டுல கெடந்தா, அவ வந்து எடுப்பான்னு பாத்துக்கிட்டே இருக்கேன் செல்வராணி. முடியல. நீங்க வச்சுக்கிடுங்க" என்றார்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் மாலை போட விடவில்லை என்று? மாலை போட்டால் இது கும்பிடும் பொருளாகிவிடும். அப்புறம் இதில் யார் உட்கார்வார்? பிளாரன்ஸ் அக்கா நமக்கு விட்டுப்போனது படமா? இல்லை, உட்காரும் இடம்! பெருமக்களே, சண்முகத்தாயின் கேள்விக்கு இந்த மேடையில் பேசிப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கடை இங்கிருந்து நடக்கும் தூரம்தான். இன்னும் அடைக்கவில்லை, விளக்கு எரிகிறது. இன்று நான் உட்காருகிறேன். நாளை சண்முகத்தாய். அதற்கடுத்த நாள் உங்களில் யார் வந்தாலும் சரி. பலகை இறங்கும்வரை நாற்காலி காலியாக இருக்காது! இது அக்காவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு.

என்ன அண்ணாச்சி, எழுந்துவிட்டீர்கள்? நீங்களும் வருகிறீர்களா? வாருங்கள். வணிகர் சங்கத் தலைவரே வாசலில் வந்து நிற்கட்டும்.

பாஸ்கல் அண்ணே, நீங்கள் ஏன் மேடைக்கு ஏறுகிறீர்கள்? விடுங்கள், நாற்காலியை நான் எடுத்து வருகிறேன். அண்ணே, நான் சொல்வதைக் கேளுங்கள்.

சரி. அண்ணனே தூக்கட்டும். நாம் பின்னால் நடப்போம்.