றோசலின் அன்ரியும் யோனாவின்ர மீனும்

"…மீன் எண்டால் மீன்தானே பிள்ளை? பைபிளிலை அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு? இவர் சொல்லுறார், யோனாவை விழுங்கினது மீன் இல்லையாம், அவன்ர வீம்பாம்! வீம்பு ஒரு ஆளை விழுங்குமே, சொல்லும் பாப்பம்?"

விட்பியில் ரயில் ஏறினதிலிருந்து றோசலின் அன்ரி ஓயவில்லை. பக்கத்து இருக்கையில் அகப்பட்ட நிலாணி, காதில் மாட்ட எடுத்த இயர்போனைக் கையில் வைத்தபடி தலையாட்டினாள்.

"என்ர மனுசன், இக்னேசியஸ், ரிட்டயர் ஆனாப் பிறகு சேர்ச்சிலை ஒரு வகுப்புக்குப் போறார். அங்கை பைபிள் கதையெல்லாம் எங்கடை மனசுக்கு உள்ளுக்கைதான் நடக்குதாம். நோவாவின்ர பேழை எங்கடை நெஞ்சாம். அதுக்குள்ளை நிண்ட மிருகங்கள் எங்கடை கோபதாபங்களாம். சரியப்பா, நான் என்ன மிருகம் எண்டு கேட்டன். மனுசன் இருந்து யோசிக்குது! டக்கெண்டு சொல்லியிருந்தாலும் பறவாயில்லை… யோசிக்குது பிள்ளை!

லோத்தின்ர மனிசி உப்புத்தூணானது, பழசையே திரும்பிப் பாக்கிற ஆக்களையாம் குறிக்குது. சொல்லிப்போட்டு என்னைப் பாக்கிறார். அண்டைக்குக் குழம்புக்கு உப்பை அள்ளிப் போட்டன். 'சாப்பிடுங்கோ, உதையும் உள்ளுக்கை விளங்கிக்கொள்ளுங்கோ' எண்டன்."

நிலாணி சிரித்துவிட்டாள். அது போதுமாயிருந்தது.

"நான் என்னத்தைத் திரும்பிப் பாத்தனான்? மகள் செரீனா துஷாந்தைக் கட்டினவள். நல்ல பெடியன்தான். ஆனா இந்துக் கோயிலிலை தாலி! நான் போகேல்லை. யூனியன்வில்லிலை வீடு வாங்கினவை, அதுக்கும் போகேல்லை. இப்ப குழந்தை பிறந்திட்டுது… பொம்பிளைப் பிள்ளை. இண்டைக்கு விடிய இவர் பேத்தியைப் பாக்கப் போக வெளிக்கிட்டு, கார்த் திறப்போடை நிண்டு, 'கடவுள் யோனாவை நினிவேக்குப் போ எண்டார், அவன் மற்றப் பக்கம் கப்பலேறினான்' எண்டார். எனக்கு வந்துதே விசர்! பார்க்டேலுக்கு, மச்சாள் வீட்டை போறன் எண்டு வெளிக்கிட்டிட்டன். மச்சாளுக்கு இன்னும் சொல்லேல்லை…"

நிலாணியின் பார்வை அன்ரியின் மடியிலிருந்த பைக்குப் போனது. வறுத்த மிளகும் மல்லியும் ரயில் பெட்டி முழுக்க மணத்தன.

"உதோ? சரக்குத்தூள். பிள்ளை பெத்தவைக்குக் கறி காய்ச்சிறது. நேற்று நானே வறுத்து அரைச்சனான். கடைத்தூளிலை… என்ன? பார்க்டேலிலை ஆர் பெத்ததெண்டோ? இல்லையே, அங்கை ஒருத்தரும் பெறேல்லையே…"

அன்ரி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள். வண்டி மாறுகிற யூனியன் ஸ்டேஷன் வந்தது.

"பிள்ளை, யூனியன்வில்லுக்கு எங்கை ஏறவேணும்?"

நிலாணி மேலேயிருந்த பலகையைக் கைகாட்டிவிட்டுச் சனத்துக்குள் மறைந்துபோனாள். அன்ரி இக்னேசியஸுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, செரீனாவுக்கு உறைப்பொண்டும் குடுத்திடாதேங்கோ, நான் வந்து காய்ச்சிறன்… ஏன் கத்துறியள், வாறனெண்டுதானே சொல்லுறன்… குழந்தை ஆரை மாதிரி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண் கலங்கியது.

"என்னை மாதிரியோ? ஐயோ, பாவம் துஷாந்த்!"